சொட்டாத நைலான்

கொழும்புக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் நைலானைக் கொளுத்திப் பார்ப்பது என் வேலை. குளோரின், புரோமின் கலந்தால் நைலானில் தீ சீக்கிரம் அடங்கும். ஆனால் அந்தப் புகை பொல்லாதது. அதனால் பாஸ்பரஸ் சேர்த்து அதே காரியத்தைச் சாதிக்கப் பார்க்கிறோம். நைலான் துண்டைத் தொங்கவிட்டு நெருப்பு வைப்பேன். கீழே பஞ்சு இருக்கும். எரிந்து சொட்டும் துளி பஞ்சைப் பற்றவைத்தால் அந்தக் கலவை குப்பைக்குத்தான். மாதக்கணக்கில் குப்பைதான் செய்துகொண்டிருந்தேன்.

"இதுக்கா படிச்ச? நாங்க தெனமும் அடுப்புல செய்யிறதுதானே!" என்பாள் தங்கச்சி.

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவள் இருந்த லயம் எரிந்துவிட்டதென்று கேள்விப்பட்டு ஓடினேன். வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே கூரை, அத்தனை காம்பராவும் போய்விட்டது. பக்கத்துக் காம்பரா அக்காவின் புருஷன் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தவர். புகையிலேயே செத்துப்போனார். அன்று வெள்ளிக்கிழமை. என் தங்கச்சி ஏற்றிய சாமி விளக்குதான் காரணம் என்று சனம் முடிவுகட்டிவிட்டது. எல்லோரும் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில்தான் ஒதுங்கியிருந்தார்கள். அவள் ஊற்றிய தேத்தண்ணியை ஒருத்தர் தொடவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"வெளக்கக் குளுர வச்சிட்டுத்தான்க்கா தண்ணிக்குப் போனேன். ஓடியாந்து பாத்தா சாமி மூலையில தீ இல்ல. சுவத்தோரம் துணி மேலதான் எரிஞ்சிச்சு."

போய்க் கிளறினேன். இரண்டு காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவரின் மேல் ஒரு வயர் இணைப்பு இருந்திருக்கிறது. கம்பி நுனி உருகி மணிபோல் திரண்டிருந்தது. இணைப்பை மூடியிருந்த நைலான் கட்டையைக் காணோம். லயத்தில் எல்லோரும் போடும் அதே கட்டையை லுணுகலைக் கடையில் வாங்கிவந்து, மடுவத்துக்குப் பின்னால் பஞ்சுக்கு மேலே கொளுத்தினேன். தீ தாரையாகச் சொட்டியது. பஞ்சு குப்பென்று பிடித்தது.

"ஒன் வெளக்கு இல்லடி! இந்தச் சனியன்தான்! இரு, எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுறேன்."

அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "வேணாங்க்கா."

"ஏன்டி, பைத்தியமா ஒனக்கு?"

"அந்த வயரு அவங்க காம்பராவுக்குப் போனது. அவங்களுக்கு மீட்டர் இல்லன்னு நான்தான் கரண்டு குடுத்தேன். லைட்டுக்கு மட்டுந்தான். அன்னைக்குப் புருசனுக்கு ஒத்தடம் குடுக்கத் தண்ணி சுடவைக்கணும்னு யார்கிட்டயோ கரண்டு கேத்தல் வாங்கிப் போட்டிருக்காங்க."

மீதியை அவள் சொல்ல வேண்டியதில்லை. கேத்தல் இழுக்கும் மின்சாரத்தை அந்த இணைப்பு தாங்காது. சூடேறி, கட்டை உருகி, பற்றியிருக்கும்.

"ஏம் புருசன நானே கொன்னுட்டேனேன்னு அவங்க உசுர விட்டுருவாங்கக்கா. என்னைய ஏசிக்கிட்டாவது இருக்கட்டும்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் செய்தவர்கள் யாருமே இல்லை. பழியை மட்டும் இவள் இழுத்துத் தலையில் போட்டுக்கொள்கிறாள். ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது.

புகை நாற்றம் பிடித்து அந்த அக்கா பின்பக்கம் வந்துவிட்டார். எரியும் பஞ்சையும் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"எங்க வீட்டு ஆம்பளய எரிச்சது பத்தலயாடி? இதையும் கொளுத்தப் போறியா?"

நான் வாயைத் திறந்தேன். தங்கச்சியின் பிடி என் மணிக்கட்டில் இன்னும் இறுகியது.

"மன்னிச்சுக்கங்கக்கா," என்று அவரிடம் சொன்னாள். "அன்னைக்கு வெளக்க அணைக்க மறந்துட்டேன்."