பூமியைக் காக்க ஒரு ஃப்ளெக்ஸ்

சமயநல்லூர் பக்கம் ஒரு கல்லூரியில் தொழில்முனைவுப் பாடம் நடத்துகிறேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் சம்பளம் வாங்குவது. அது போதாதென்று, பூமியைக் கெடுக்காமல் தொழில் செய்வது எப்படி என்றும் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். ஏசியைப் போட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதையும் நடத்தினேன்.

வருடா வருடம் பசுமைத் தொழில் போட்டி உண்டு. காதுகுத்துக்கே ஃப்ளெக்ஸ் வைக்கிற ஊரில் பூமியைச் சும்மா காப்பாற்றிவிட முடியுமா? வாசல் முதல் கலையரங்கம் வரை கட்டினோம். எல்லாவற்றிலும் தாளாளர் ஒரு மரக்கன்றைத் தடவிக்கொண்டிருப்பார். மூலையில் தபால்தலை அளவுக்கு நான். நடுவில், பிளாஸ்டிக்கை ஒழிப்போம்.

முதல் பரிசு, வளாகத்திலேயே தொழில் தொடங்க ஓர் அறை. உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி ஒருத்திக்கு அந்த அறை மேல்தான் கண். வீட்டில் தையல் மெஷின் போட இடமில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

போட்டியன்று மற்றவர்கள் எல்லாம் ஆளுக்கொரு செயலியோடு வந்தார்கள். இவள் ஒரு மூட்டையோடு மேடையேறினாள். விழா முடிந்து குப்பைக்குப் போகும் ஃப்ளெக்ஸ்களை ஓரம் மடித்துத் தைத்து ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாக விற்பது அவள் திட்டம். ஊரில் நாலு கொட்டகைக்குப் போட்டும் கொடுத்திருந்தாள். மாதிரிக்கு ஒன்றை விரித்தாள். போன வருடத்து ஃப்ளெக்ஸ்; தாளாளர் கம்பீரமாக விரிந்தார். அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த தாளாளர் மட்டும் சிரிக்கவில்லை.

நடுவர்களில் நானும் ஒருவன். தாளாளரின் முகத்தைப் பார்த்தேன், மதிப்பெண் தாளைப் பார்த்தேன். புதுமை என்ற கட்டத்தில் சுழியம் போட்டேன். மரம் நட்டால் புள்ளி தரும் செயலிக்கு அறை கிடைத்தது. அந்தச் செயலி இன்றுவரை யார் கைபேசியிலும் வரவில்லை; அறையும் பூட்டியே கிடந்தது.

போன ஐப்பசியில் உசிலம்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, மண்டபத்து வாசலில் அவளே என்னைப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போனாள். மெஷின் ஆட்டுக்கொட்டகைக்குள் ஒரு மூலையில் இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். தாளாளர், மரக்கன்று, மூலையில் நான்.

"இம்புட்டு மழைக்கும் ஒரு சொட்டு ஒழுகல சார்" என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை. அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

"அந்த ரூமு இன்னும் சும்மாத்தேன் கெடக்கா சார்?"

"இல்லம்மா. ஃப்ளெக்ஸ் போட்டு வச்சிருக்கோம்."

"பழசானதும் சொல்லுங்க சார். வந்து எடுத்துக்கிறேன்."

சரி என்று தலையாட்டினேன். அதற்கும் தாளாளரிடம்தான் அனுமதி கேட்க வேண்டும் என்பதை அவளிடம் சொல்லவில்லை.