பொங்கல் பாட்டின் நாலாவது சரணம்

எங்கள் தமிழ்ப் பள்ளியில் தைப்பொங்கலுக்குப் பிள்ளைகள் பாடும் மின்னடுப்புப் பாட்டை நான் எழுதவில்லை. பதினெட்டு வருடமாக நான் எழுதியதாகச் சொல்லி வந்தேன். எழுதியவர் பத்மா. சுவிஸ் நாட்டு லுசேர்ண் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் என்னோடு பாத்திரம் கழுவியவர்.

1. மெஷினின் இரு பக்கம்

நான் யாழ்ப்பாணத்தில் பட்டம் பெற்றவன். அந்தப் பட்டத்தோடு இருபத்தாறு வருடம் தட்டுக் கழுவினேன். தட்டுகள் அதை மதித்ததாகத் தெரியவில்லை. பத்மா மட்டக்களப்பில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நான் எச்சிலை வழித்துத் தட்டுகளைக் கூடையில் அடுக்கி மெஷினுக்குள் தள்ளுவேன். மறுபக்கத்தில் அவர் சூட்டோடு எடுத்துத் துடைப்பார். ஒரு கூடை கழுவி வர இரண்டு நிமிடம். அந்த இடைவெளியில் அவர் பாட்டுக்கு வரிகள் கட்டுவார்.

தமிழ்ப் பள்ளி விழா மண்டபத்தில் விறகு மூட்டினால் அலாரம் அடிக்கும். அதனால் இங்கே பொங்கல் மின்னடுப்பில். பானை பொங்க மறுப்பதும், பள்ளித் தலைவர் மணிக்கூட்டைப் பார்ப்பதும், சாம்பிராணி வெளியே பனியில் புகைவதும்தான் பாட்டு. மூன்று சரணம்.

“அண்ணன், நீங்க படிச்ச ஆள். வடிவா எழுதித் தாங்களன்” என்றார்.

எழுதினேன். நாலாவது சரணத்தை நானே சேர்த்தேன். அதில் இமயம் இருந்தது, வீரம் இருந்தது. பானை இல்லை.

2. ஞாயிறு வேலை

பள்ளித் தலைவரிடம் தாளைக் காட்டினேன். “அண்ணை, உங்கட பாட்டோ?” என்றார். “ஓம்” என்றேன். பட்டதாரிக்கு அதுவே சுலபமாக வந்த பதில்.

சுவிசில் பொங்கல் விழா ஞாயிற்றுக்கிழமைதான் வரும். ஹோட்டலில் கூட்டமும் அன்றுதான். ஒவ்வொரு வருடமும் பத்மா சொல்வார்: “நீங்க போங்க அண்ணன், உங்கட வேலையையும் நான் பாக்கிறன்.” அவர் என் தட்டுகளைக் கழுவிய நேரத்தில் அவர் பாட்டுக்குக் கிடைத்த கைதட்டலுக்கு நான் கைகூப்பிக்கொண்டிருந்தேன்.

3. பொன்னாடை

ஓய்வு பெற்றபின் ஒரு பொங்கலன்று மைக்கில் உண்மையைச் சொன்னேன். தலைவர் மைக்கை வாங்கினார். “பாருங்கோ, எவ்வளவு அடக்கம். கூட வேலை செய்தவைக்கும் பேர் குடுக்கிறார்.” சபை எழுந்து கைதட்டியது. பொன்னாடை போர்த்தினார்கள். திருட்டை ஒப்புக்கொண்டதற்குப் பொன்னாடை வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதையும் எடுத்துக்கொண்டு பத்மா குடியிருக்கும் எம்மன்புரூக்கேக்குப் பஸ் ஏறினேன். பத்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“மகள் பள்ளிக்கூடத்தில இருந்து உங்கட பேர் போட்ட தாள் கொண்டு வந்த அண்டைக்கே தெரியும்” என்றார்.

“பிறகும் ஏன் என்ர வேலையைச் செய்தனீர்?”

“லீவு கேக்கக்குள்ள உங்கட முகத்தப் பாக்கப் பாவமா இருக்கும்.” பொன்னாடையை விரித்துப் பார்த்தார். “இது சன்னலுக்குத் திரை போடவும் காணாது. பேர் உங்கட விருப்பம் அண்ணன். ஆனா அந்த நாலாவதை எடுத்துப் போடுங்க. புள்ளைகள் அதிலதான் கொட்டாவி விடுகுதுகள்.”

அடுத்த வருடத் தாளை நானே தட்டச்சு செய்தேன். மூன்று சரணம், மேலே பத்மாவின் பெயர். அவர் முன்வரிசையில் இருந்தார். சாம்பிராணி பனியில் புகைந்ததோடு பாட்டு முடிந்தது. மண்டபம் சிரித்தது.

தலைவர் என் பக்கம் சாய்ந்தார். “முந்தியைவிட நல்லாயிருக்கு அண்ணை. என்னத்தை மாத்தினனீங்கள்?”

“என்னை எடுத்துவிட்டன்” என்றேன்.