ராஜம்மா அக்கா மனு அனுப்பிய வாரம்

மற்றவர்களுக்காக இணையத்தில் மனுப் பாரம், அதாவது படிவம், நிரப்பிக் கொடுக்கிற வேலையில் விரலை விடப் பொறுமைதான் அதிகம் தேய்கிறது. பிள்ளைகள் மூவரும் சம்பாதிக்கப் போன பிறகு, ஆறாம் வகுப்போடு நின்ற நான் எங்கள் தம்பின் பட்டணத்தில் ஒரு ஃபோட்டோஸ்டாட் கடையில் இதைக் கற்றுக்கொண்டேன். கணினி முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமே, நான் சொல்வது புரியும்.

அந்த வாரம் ராஜம்மா அக்கா வந்தார். அவர் இருந்த தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மாற்று வீடு வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் இணையத்தில் மனு செய்தாக வேண்டும்.

படம்

திங்கள் காலை, நல்ல மழை. பக்கத்தைத் திறந்ததும் திரை முழுக்க ஒரு வெள்ளை வீடு. முன்னால் செம்பருத்தி, மேலே மேகம். சாமி மேடையை எந்த ஜன்னல் பக்கம் வைக்கலாம் என்று பேசிக்கொண்டே அக்காவும் நானும் கொஞ்ச நேரம் அதிலேயே குடியிருந்தோம். அப்புறம்தான் எங்கே அழுத்துவது என்று தேடினேன். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. மேகத்தோடு மேகமாக வெள்ளை எழுத்தில் 'மனு செய்க' என்று மலாயில் இருந்ததை, என்னோடு வேலை செய்யும் ஃபிலோமினா கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அக்கா சிரித்துவிட்டார்.

"வீட்டக் காட்டுனாங்க, வாசலக் காட்டலையே தங்கச்சி!"

சிவப்பு வரி

பெயரை அடையாளக் கார்டில் உள்ளபடி எழுதச் சொன்னது. 'ராஜம்மா ஏ/பி வீரப்பன்' என்று அடித்தேன். இன்னார் மகள் என்று நம் பெண்கள் எல்லாருடைய கார்டிலும் இருப்பதுதானே? உடனே சிவப்பாக ஒரு வரி, 'தவறு' என்று. எது தவறென்று சொல்லவில்லை. கார்டு எண்ணைப் பார்த்தோம், பிறந்த தேதியைப் பார்த்தோம். தன் பிறப்பிலேயே ஏதோ பிழை என்பதுபோல அக்காவின் முகம் சுருங்கியது. கடைசியில் அந்தச் சாய்ந்த கோட்டை எடுத்ததும் சத்தமில்லாமல் வழிவிட்டது.

"எனக்கும் எங்கப்பாவுக்கும் நடுவுல ஒரு கோடு இருந்தா இவங்களுக்கு எங்க லா நோவுது?"

இரண்டு நிமிடம்

கடைசியில் கைப்பேசிக்கு ஒரு ரகசிய எண் வரும். இரண்டு நிமிடத்தில் அதை அடிக்க வேண்டும். தோட்டத்து அம்மாக்கள் எந்தப் பாரத்திலும் மகன் நம்பரைத்தான் கொடுத்து வைப்போம். அக்காவின் மகன் சேகர் நீலாயில் தொழிற்சாலையில் நிற்கிறான், அவன் கைப்பேசி லாக்கரில் கிடக்கிறது. நம்பரை மாற்ற அந்தப் பக்கத்தில் வழியே இல்லை. நேரம் முடிந்ததும் நிரப்பியதெல்லாம் கற்பூரம்போல் கரைந்து போயிற்று.

இப்படியே நாள் ஓடி, கடைசி நாளான வெள்ளிக்கிழமை மறுபடி எல்லாம் நிரப்பி, சேகரின் தேநீர் நேரத்துக்காகக் காத்திருந்தோம். மின்விசிறிக் காற்றில் காகிதங்கள் மெதுவாக மூச்சு விட்டன. நான் முருகனைக் கூப்பிட்டேன், ஃபிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள். மூன்றரைக்கு சேகர் அழைத்தான்.

"ம்மா, ரொட்டி இன்னும் வாயிலதான் இருக்கு, நம்பரச் சொல்றேன், சீக்கிரம் அடிக்கச் சொல்லு!"

வெள்ளைப் பக்கம்

'அனுப்பு' என்பதை அழுத்தினேன். சின்ன வட்டம் ஒன்று கனவில் சுற்றுவதுபோல் சுற்றியது. பிறகு வெறும் வெள்ளை. வந்து சேர்ந்ததென்றோ சேரவில்லையென்றோ ஒரு வார்த்தை கிடையாது. பின்னால் போய் மறுபடி அழுத்தினேன். மூன்றாம் முறையும் அழுத்தினேன். மனுவை வாங்கும் வீட்டு அலுவலகம் மூடும் நேரம் நெருங்கியது. அக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

அலுவலகத்துக்கே ஃபோன் போட்டேன். நல்ல காலம், எடுத்தது தமிழ்ப் பெண். "மூணு தடவ வந்திருக்கு ஆன்ட்டி. ஒண்ண வச்சுக்கிட்டு மத்தத எடுத்திடறேன், பயப்படாதீங்க" என்றாள். கேட்டதும் அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக் கோபித்தார்.

"மூணு தடவ கேட்டும் வாயத் தொறக்காம இருக்க, இது என்ன சாமியா?"

வலைத்தளம் வரைகிற பிள்ளைகளுக்காகவும் இப்போதெல்லாம் விளக்கேற்றும்போது ஒரு வேண்டுதல் சேர்த்துக்கொள்கிறேன்: ஊருக்குத் திறந்துவிடும் முன் அதை ஒரு தடவை அவர்களுடைய அம்மா தனியாக உட்கார்ந்து நிரப்பிப் பார்க்கட்டும்.