தாளில் இருந்த பதினான்காவது பெயர்

சவிரி அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பிரான்சில், செவ்ரானில் ரயில் ஏறியிருந்தேன். போன வருடம் எங்களோடு பயணம் வந்த தேவி அக்கா குரல் பதிவு அனுப்பியிருந்தார். "பிள்ளை, கடை திறக்கேல்லை எண்டு மேல ஏறிப் பாத்தவையாம். நித்திரையிலேயே போட்டாராம்." இறங்கும் நிலையம் வரும்வரை அதை மூன்று முறை கேட்டேன். பெட்டி நிறைய ஆட்கள் நின்றார்கள். சொல்வதற்கு ஒருவரும் இல்லை.

வேலைக்குப் போகாமல், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு நடந்தேன். அவருடைய பயணச்சீட்டுக் கடை பூட்டியிருந்தது. கண்ணாடியில் அவர் கைப்பட எழுதி ஒட்டிய அறிவிப்பு அப்படியே இருந்தது: "ஆனி மாதம், கிர்கிஸ்தான் மலைப் பயணம். குளிருடுப்பு கட்டாயம். கணவாயடியில் ஒரு மணிநேரம் நிற்போம்." கடைசி வரி புதிது. போன வருடத்து அறிவிப்பில் அது இல்லை. ஏன் சேர்த்தார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

உங்களில் பலர் அவரை லூர்து யாத்திரை பஸ்ஸில்தான் அறிந்திருப்பீர்கள். நான் அறிந்தது அந்தக் கடையில். அப்பாவின் கொழும்பு டிக்கெட்டை எடுக்கப் போயிருந்தேன். என்ன படிக்கிறீர் என்று கேட்டார். சென் தெனியில் ருஷ்ய மொழி என்றேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதைப் படித்து என்ன வேலை எடுப்பாய் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கதைப்பீரோ?"

"வாசிப்பன். கதைக்கக் கூச்சம்."

"தமிழிலையும் அப்பிடித்தானே கிடக்கு. பரவாயில்லை, வாரும்."

அப்படித்தான் போன ஆனியில், ருஷ்ய மொழி புழங்கும் கிர்கிஸ்தானில் நான் அவருடைய மொழிபெயர்ப்பாளர் ஆனேன். அவர் அங்கு ஆட்களைக் கூட்டிப் போவது அது ஐந்தாவது முறை. பன்னிரண்டு பயணிகள், நான், அவர். தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு சிறு பஸ் பிடித்து மலைக்குள் போனோம். மரமே இல்லாத பச்சைச் சரிவுகள், அவற்றின் மேல் பனி, கீழே கம்பளிக் கூடாரங்கள். அவ்வளவு பெரிய வெளியில் நான் இருந்ததே இல்லை. செவ்ரானில் பத்தாம் மாடியில் இருப்பதைவிட அங்கே தனியாக உணர்ந்தேன்.

தேவி அக்காவுக்கு முதல் நாளே ஆட்டிறைச்சி மணம் பிடிக்கவில்லை. "அண்ணை, லூர்துக்குப் போனா மாதாவைப் பாக்கலாம். இஞ்சை ஆரைப் பாக்கிறது?"

"குதிரையைப் பாருங்கோ. அதுவும் உங்களைப் போலை சொல்லுக் கேளாது."

பஸ் முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தார்.

ஒவ்வொரு முறை பஸ் புறப்படும் முன்பும் சவிரி அண்ணை ஒரு தாளை எடுத்துப் பெயர் கூப்பிடுவார். ஓட்டுநர் விரலால் எண்ணிக் காட்டி, எல்லோரும் இருக்கிறார்கள் என்பார். அண்ணை கேட்க மாட்டார். பெயரைச் சொல்ல வேண்டும், ஆள் "ஓம்" என்று சொல்ல வேண்டும். நான் கையை உயர்த்துவேன். "கை காட்டாதையும் பிள்ளை. குரல் வேணும். பனிக்குள்ளை கை தெரியாது." வெயில் எறித்துக்கொண்டிருக்கும். ஆனாலும் என் குரல் கேட்கும்வரை பஸ் நிற்கும்.

பஸ்ஸில் பதின்மூன்று பேர் பதில் சொல்வோம். தாளில் பதினான்கு பெயர்கள். கடைசியாக "அருளப்பு" என்பார். யாரும் பதில் சொல்வதில்லை. கொஞ்சம் பொறுத்து, தாளை மடித்து, "சரி, எடு" என்பார். கடைசி நேரத்தில் வராமல் விட்ட யாரோ என்று நினைத்தோம்.

நான்காம் நாள் கணவாயின் உச்சியில் என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். அவர் பிரான்சுக்கு வந்த பாதை அதுதான். இளவயதில், ஆட்களைக் கள்ளமாக வெளிநாடு அனுப்பும் ஏஜென்சிக்காரர் பதினான்கு பேரை லொறியில் ஏற்றி அந்த மலையால் கொண்டுபோயிருக்கிறார்கள். பனி கொட்டும்போது லொறி நின்றது. மன்னாரில் ஒரே தெருவில் வளர்ந்த கூட்டாளி அருளப்பு ஒதுங்கப் போயிருக்கிறார். அந்த நேரத்தில் ஓட்டுநருக்குத் தெரிந்த ஊர்க்காரன் ஒருவன் போர்வையோடு பின்னால் ஏறியிருக்கிறான். ஏஜென்சிக்காரன் போர்வைத் தலைகளைத் தட்டித் தட்டி எண்ணினான். பதினான்கு. பின்பக்கப் படங்குச் சீலையை இறக்கிவிட்டான்; லொறி புறப்பட்டது.

"நான் குளிரிலை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தன், பிள்ளை. கணக்குச் சரியெண்டு நானும் நம்பினன். அவன்ர அம்மா இன்னும் இருக்கிறா. செத்தவனெண்டு பூசை குடுக்கவும் மாட்டா. நான் போன் எடுத்தா முதல் கேக்கிறது அவனைத்தான்."

நான்கு முறை வந்தும் கையாலும் படத்தாலும்தான் கேட்டிருக்கிறார். இந்த முறை கேட்பதற்கு வாய் இருந்தது. அது என் வாய்.

கணவாயடியில் உலர்ந்த தயிர் உருண்டை விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவரிடம் கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகக் கேட்டேன். கிழவர் சரிவைக் கையால் காட்டி மெதுவாகச் சொன்னார். முன்பொரு வருடம் பனி உருகியபோது, வீதி வேலைக்காரர் ஒரு கறுத்த இளைஞனைக் கண்டெடுத்தார்கள். கழுத்தில் சிறு சிலுவை. எந்தக் கடதாசியும் இல்லை. அந்தச் சரிவில் புதைத்துக் கல் அடுக்கினார்கள்.

சவிரி அண்ணை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்த அத்தனை சொற்களும் என்னிடம் இருந்தன.

"தெரியாதாம், அண்ணை" என்றேன், தலையைக் குனிந்தபடி.

"ஓம்" என்றார். கிழவரிடம் ஒரு பை தயிர் உருண்டை வாங்கினார். பஸ்ஸில் பெயர் கூப்பிட்டார், அருளப்புவையும். அதன் பிறகு, பயணம் முடியும்வரை, யாரிடமும் கேட்கச் சொல்லவில்லை. அவருக்கு அலுத்துவிட்டது என்று நினைத்தேன். இந்தப் பொய்யை ஒரு வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அவர் கடை இருக்கும் தெருவால் போவதைக்கூட விட்டுவிட்டேன்.

அடக்கத்தன்று மாதா கோவிலில் தேவி அக்கா பக்கத்தில் இருந்தார். பூசை முடிந்ததும் கேட்டார். "அந்த அருளப்பு ஆர், பிள்ளை? போன வருஷம் பயணத்தாலை வந்த கிழமையே அவர்ர ஆத்துமாவுக்கு எண்டு இஞ்சை பூசை ஒப்புக்குடுத்தவர். மன்னாருக்குப் போன் எடுத்து, அவர்ர தாயோடை அழுதழுது கதைச்சவர். நான் கடைக்குள்ளை நிண்டனான்."

உயிரோடு இருக்கும் ஒருவருக்கு ஆத்துமப் பூசை கொடுப்பதில்லை. கிழவரின் கை காட்டிய இடத்தையும் என் குனிந்த தலையையும் அவர் அங்கேயே வாசித்துவிட்டார். நான் சொல்லாமல் விட்டதை, தனக்கு விளங்கியது எனக்குத் தெரியக்கூடாது என்று, தானே சுமந்து முடித்திருக்கிறார். நான் ஒருமுறை கடைக்குள் போயிருந்தால் சொல்லியிருப்பாரோ தெரியாது. நான் போகவில்லை.

அறிவிப்பின் கடைசி வரி கோவில் படியில் நிற்கும்போதுதான் விளங்கியது.

அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. கூப்பிடுகிறவர் தன் பெயரைத் தாளில் எழுதியதில்லை. அருளப்புவுக்குக் கீழே அவர் பெயரை நான் எழுதியிருக்கிறேன். பணம் கட்டியவர்கள் பயணத்தைக் கைவிட வேண்டாம் என்கிறார்கள். ஆனியில் பஸ் போகும். கணவாயடியில் ஒரு மணிநேரம் நிற்கும். அங்கே கல் அடுக்கிய சரிவைப் பார்த்து இரண்டு பெயர்களையும் நான்தான் கூப்பிட வேண்டும், கையைக் காட்டாமல், குரல் எடுத்து.