கழுதைப் பட்டாளத்தாரின் ஒற்றை மணி

சுடலைக்கண்ணு எண்பத்தாறு வயது வரை இருந்தார். அதில் ஐந்து வருஷம் பட்டாளம், மற்றதெல்லாம் மாடு. இரண்டையும் சேர்த்து எங்கள் ஊர் அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தது: கழுதைப் பட்டாளம். அதைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் ஊர் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, சிற்றாற்றின் கரையில் இருக்கிறது. நாற்பத்தொன்றில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தென்காசிக்கு ஓடிய வாலிபர்களில் சுடலைக்கண்ணுவும் உண்டு. என்ன வேலை தெரியும் என்று அதிகாரி கேட்க, மாடு மேய்க்கத் தெரியும் என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார். கோவேறு கழுதைகளோடு சேர்த்து பர்மாவுக்கு அனுப்பிவிட்டார்கள். நாற்பத்தாறில் இரண்டு மெடலோடு திரும்பி வந்தார். ஊரே கூடி, "எத்தன ஜப்பான்காரனச் சுட்ட?" என்று கேட்டது. கொஞ்சம் அளந்திருக்கலாம், யார் பர்மாவுக்குப் போய் விசாரிக்கப் போகிறார்கள்? அந்த மனுஷன், "நான் எங்க சுட்டேன். நாப்பது கழுதையப் பாத்துக்கிட்டேன்" என்றார். அன்றைக்கு ஒட்டியது அந்தப் பெயர்.

"பொய் சொல்லத் தெரியாதவுகளுக்கு வாக்கப்பட்டது என் தலையெழுத்து" என்பாள் அவர் மனைவி பிச்சம்மாள். ஆனால் வேறு யாராவது அவரைப் பழித்தால் அவள் வாயிலிருந்து தப்பிக்க முடியாது.

பட்டாளத்தில் மிச்சம் பிடித்ததைக் கொண்டு பதினோரு பசு வாங்கினார். அறுபதாம் வருஷத்துக்குள் அது எழுபது உருப்படி ஆகிவிட்டது. அறுவடை முடிந்த வயல்களில் அவற்றை மடக்கிக் கிடை போடுவார். சாணம் வயலுக்கு, நெல் அவருக்கு. பயிர் நிற்கிற மாதங்களில் ஊர் மாடுகளையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு, ஆற்றுக்கு அக்கரையில் மலையடிவாரத்து மேட்டுக்குப் போய்விடுவார். பயிரில் மாடு வாய் வைத்தால் ஊரில் வெட்டுக்குத்து ஆகிவிடும். ஆகையால் அவர் எல்லோருக்கும் தேவைப்பட்டார். அதற்காக மரியாதை கொடுத்துவிடுவோமா? கொடுக்கவில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் எங்களுக்குப் பிடிக்கவே இல்லை. மாட்டை ஒப்படைத்ததும் முதல் வேலையாகக் கழுத்து மணியைக் கழற்றி நம் கையில் கொடுத்துவிடுவார். மொத்தக் கிடைக்கும் ஒரே மணிதான்; அது வெள்ளச்சி என்ற கிழட்டுப் பசுவின் கழுத்தில் கிடக்கும். சாயங்காலம் அந்த மணி கேட்கிற இடத்தில்தான் உப்புப் போட்ட தவிடு வைப்பார். எங்கள் ஊரிலோ மணிதான் வீட்டுக்குக் கௌரவம். சத்தத்தைக் கேட்டே இன்னார் வீட்டு மாடு வருகிறது என்று சொல்வோம். நான்கூடச் சண்டைக்குப் போனேன்.

"ஐராவதி ஆத்துல எங்க கழுதை ஒண்ணுகூட இறங்க மாட்டேன்னுட்டு" என்றார் பொறுமையாக. "ஒரு வெள்ளக் குதிர கழுத்துல மணியக் கட்டி முன்னால விட்டோம். தெனமும் அந்த மணியக் கேட்டுத்தான் அதுக தீனி தின்னுருக்கு. அம்புட்டும் பின்னாலயே நீந்தி வந்துட்டு. ரெண்டு மணி கேட்டா எது பின்ன போவும்?"

"கழுதைக்குச் சொன்னத மாட்டுக்குச் சொல்லுதான் பாரு" என்று சிரித்தோம்.

அறுபத்துமூன்று கார்த்திகையில் பண்ணையார் முத்துக்குமாரசாமி பிள்ளை தம் காங்கேயம் காளைகளை அனுப்பினார். வழக்கம்போல் மணிகள் கழன்று வீடு திரும்பின. மறுநாளே பண்ணை ஆள் அக்கரைக்குப் போய் அவற்றைத் திரும்பக் கட்டினான். மணியில்லாத காளை எழவு வீட்டுக் காளை மாதிரி இருக்கிறதாம். பண்ணையார் வயலில்தான் சுடலைக்கண்ணு பாதி வருஷம் கிடை போட்டாக வேண்டும். வாயை மூடிக்கொண்டார். பட்டாளத்தை விட்டு வந்தபின் தான் செய்த பெரிய தப்பு அதுதான் என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் மூன்று நாள் மழை விடவில்லை. நாலாம் நாள் காலை முதல் பஸ்ஸில் வந்த கண்டக்டர், ஐந்தருவி ஐந்தாக விழவில்லை, ஒன்றாக விழுகிறது என்றார். ஆற்றங்கரைக்கு ஓடினோம். அக்கரை மேட்டுக்குப் பின்னால் ஓடையும் உடைத்துக்கொண்டு, மேடு தீவாகியிருந்தது. அதில் நூற்றிருபது மாடுகள், நடுவில் சுடலைக்கண்ணு. தண்ணீர் ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் மத்தியானத்துக்கு மேடு இருக்காது. ஊரின் உழவு மாடெல்லாம் அங்கே. என்னுடைய ஒரே சோடியும் அங்கே. அது போனால் அடுத்த போகத்தில் நான் இன்னொருவன் வயலில் கூலிக்காரன்.

"ஏலே, துறையில இறக்கு, அங்கதான் ஆழம் கம்மி" என்று பண்ணையார் இக்கரையிலிருந்து கத்தினார். சுடலைக்கண்ணு கையை ஆட்டி மறுத்துவிட்டு, கிடையை மேற்கே ஆறு வளைகிற கசத்துக்கு ஓட்டினார். அங்கே ஆள் மட்டத்துக்கு மேல் ஆழம். மாட்டுக்கு நீந்தத் தெரியும், இழுக்கிற தண்ணீரில் கல்மேல் நிற்கத்தான் தெரியாது என்பது அவர் கணக்கு. நாங்களும் கரையோடு ஓடினோம்.

பிச்சம்மாள் தவிட்டுப் பெட்டியோடு அங்கே முன்னமே வந்து நின்றாள். மாட்டை விட்டுவிட்டு ஆளை மட்டும் நீந்தி வரச் சொல் என்றார் ஒருவர்.

"ஒரு மாட்ட விட்டுட்டு வந்தாலும் அவுகளால இந்த ஊர்ல தலை நிமிந்து நடக்க முடியாது" என்றாள். "வருவாக. எல்லாத்தையும் கூட்டிட்டு வருவாக."

வெள்ளச்சியின் கொம்பைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கினார். மணி கேட்டது. அதன் பின்னால் ஒன்று, இரண்டு, பத்து என்று இறங்கின. முப்பது மாடுகள் கரையேறியிருக்கும். அப்போது அக்கரையில் வேறு மணிகள் கேட்டன. பண்ணையார் காளைகள் மிரண்டு துறையைப் பார்த்து ஓடின. கிடை நின்றது, திரும்பியது, அந்த மணிகளின் பின்னால் போகத் தொடங்கியது. என் சோடியும் போனது. துறையில் இறங்கினால் அத்தனையும் தென்காசிப் பாலத்துக்குப் பிணமாகத்தான் போய்ச் சேரும்.

இக்கரை ஏறியிருந்த சுடலைக்கண்ணு வெள்ளச்சியின் மணியை அவிழ்த்துப் பிச்சம்மாளிடம் கொடுத்தார்.

"ஆட்டிக்கிட்டே இரு. நிப்பாட்டாத."

திரும்பவும் குதித்தார். அப்போது அவருக்கு நாற்பத்துநாலு வயது. அக்கரையேறி ஓடி, தண்ணீரில் கால் வைக்கப் போன காளையின் கழுத்தைக் கட்டித் தொங்கினார். இடுப்புக் கத்தியால் மணிக்கயிற்றை அறுத்து மணியை ஆற்றில் எறிந்தார். அடுத்ததையும் அறுத்து எறிந்தார்.

"எங்க தாத்தா காலத்து மணிலே" என்றார் பண்ணையார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது ஆற்றில் ஒரே மணிதான் கேட்டது. மாடுகள் காதைத் தூக்கின. என் சோடியில் மயிலைக் காளைதான் முதலில் திரும்பியது. இன்றைக்கும் அதில் எனக்குப் பெருமை. பிறகு எல்லாம் திரும்பின. கசத்தில் கொம்பும் மூக்குமாக வரிசை கட்டி வந்தன. கடைசியாக வந்தவை பண்ணையார் காளைகள். அவற்றில் ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு சுடலைக்கண்ணு வந்தார். நூற்றிருபதும் கரையேறிவிட்டன. நான் மயிலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிச்சம்மாள் இன்னும் மணியை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "போதும்ட்டி" என்று அவர் சொன்ன பிறகுதான் கை நின்றது.

தையில் மாட்டுப் பொங்கலுக்காக மாடுகள் ஊரில் இருந்தன. அன்று எல்லாக் கழுத்திலும் மணி. மறுநாள் காலை சுடலைக்கண்ணு கிடை சேர்க்கத் தெருவுக்கு வந்தார். அவர் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வீடு மணியைக் கழற்றி வைத்துவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

பண்ணையார் வீட்டில், தென்காசியில் புதிதாய் வாங்கிய மணிகளை அவரே காளைகளின் கழுத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஆள் அம்பு இருந்தும் ஒருவரையும் விடவில்லை. தலை நிமிர்ந்து, "வாரும்வே, பட்டாளத்தாரே" என்றார். 'ஏலே' போய் 'வாரும்' வந்ததைத் தெருவே கேட்டது.

சுடலைக்கண்ணு கயிறுகளை வாங்கிக்கொண்டார். ஆனால் நகரவில்லை.

"கழுதைய விட்டுட்டீங்களே, அண்ணாச்சி."

குத்திக் காட்டுகிறார் என்று நினைத்துப் பண்ணையார் முகம் சுண்டியது. சுடலைக்கண்ணு முகத்தில் குத்தல் எதுவும் இல்லை.

"முழுசாவே கூப்பிடுங்க. இந்த வித்தைய எனக்குச் சொல்லித் தந்தது அதுகதான். அதுக இல்லேன்னா இந்த ரெண்டு காளையும் இல்ல."

பண்ணையார், தெருக்கோடி வரை கேட்கும்படி, "வாரும்வே, கழுதைப் பட்டாளத்தாரே" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நானும்.