நீளும் கயிறு

கருமத்தம்பட்டி விசைத்தறிக் கூடத்தில் எட்டு வருடமாகப் பாவு ஓட்டும் கயல்விழிக்கு, நூலைக் கண்டால் இழுத்துப் பார்க்காமல் கை நிற்காது. நீண்டால், துணியைக் கெடுக்கும் என்று தூக்கி எறிந்துவிடுவாள். 1996இல் மலையேற்றக் குழுவில் சேர்ந்து, முதல் கயிறு வாங்கக் கோவைக்கு வந்தவள், கடையிலிருந்த இரண்டு கயிறுகளையும் இழுத்துப் பார்த்தாள். ஒன்று அசையவில்லை. மற்றது லேசாக நீண்டது.

"நீளாததையே குடுங்க."

கூட வந்த குழுக்காரர் சாமுவேல் பதறினார். "வேண்டாமுங்க அம்மணி! தவறி உழுந்தா அது வெடுக்குனு புடிச்சு இடுப்ப ஒடிச்சுப்போடுமுங்க. நீளுற கயிறுதான் தாங்குமுங்க."

அவர் சொன்னது மண்டையில் ஏறியது, கைக்கு ஏறவில்லை. நீளும் கயிற்றையே வாங்கினாள். பஸ்ஸில் மடியில் வைத்து, ஊர் வரும்வரை இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கை அதை எறியச் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை அதில்தான் தொங்க வேண்டும்.