மூலை பார்த்து எடுத்த வீடு

புதிதாகச் சுண்ணாம்பு அடித்த காலி வீட்டுக்குள் நின்று கை தட்டினால், அந்த ஓசை சுவரில் மோதி, கூரையில் மோதி, வெற்றுத் தரையில் விழுந்து, சுண்ணாம்பு வாடையோடு சேர்ந்து காதுக்குள் "கிர்ர்" என்று கொஞ்ச நேரம் நிற்கும். என் பத்தாவது வயதில் ஒரு கோடை முழுக்க நான் கேட்டது இதைத்தான். தட்டியவர் என் அப்பா. மற்றவர்கள் வீடு பார்க்கப் போனால் தண்ணீர் வருமா, காற்று வருமா என்று விசாரிப்பார்கள்; அப்பா நேராகக் கூடத்துக்குப் போய் நாலு மூலையிலும் நின்று கை தட்டிவிட்டுத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வார்.

காரணம், மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த "போர்ஷனில்" பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்த ஒரு மரப்பெட்டி. அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலையில் இருந்த அப்பா, மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்னக் கொடுத்துத் தானே வரைந்து, அறுத்து, ஒட்டிச் செய்த ஒலிபெருக்கி அது. அம்மா அதற்கு வைத்த பெயர் "பூதம்". ஆடி மாதத்தில் தெருமுனைக் கம்பத்தில் கட்டுவார்களே "கொழா", இதுவும் அந்த ஜாதிதான். ஒடுங்கிய தொண்டையில் புறப்படுகிற சின்ன ஒலி, சீராக விரிந்துகொண்டே போகும் பாதையில் வளர்ந்து, அகன்ற வாய் வழியே பெரிதாக வெளியே வரும். ஆனால் கம்பத்துக் கொழாவில் கனத்த நாதம் வராது. மிருதங்கத்தின் இடந்தலை கேட்க வேண்டுமானால் வாய் கதவளவுக்கு இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய கொழாவை எந்த வீட்டில் வைப்பது? அப்பா அந்தப் பாதையை மடித்து மடித்துப் பெட்டிக்குள் அடக்கினார். கடைசியாக விரிய வேண்டிய பகுதிக்கு, கூடத்தின் மூலையில் சேரும் இரண்டு சுவர்களையே வைத்துக்கொண்டார். "மீதிக் கொழா சுவர்தான்" என்பார். ஆகவே இரண்டு பக்கமும் கதவோ ஜன்னலோ குறுக்கிடாத மூலை ஒன்று இல்லாவிட்டால் பூதத்தின் பாதி உயிர் போய்விடும்.

அந்தக் கோடையில், கட்டடத்தை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லி வீட்டுக்காரர் எங்களைக் காலி செய்யச் சொன்னார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வேறு வீடு பிடித்தாக வேண்டும். அம்மா மந்தைவெளியில் ஒரு பள்ளியில் டீச்சர். அப்போதே அவளுக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருந்தது. நாளெல்லாம் நின்று பாடம் நடத்திவிட்டு வந்து, சாயங்காலம் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்திருப்பாள். அவள் கேட்டதெல்லாம் நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு, அவ்வளவே.

அப்படி ஒரு வீடு கிடைக்கவும் கிடைத்தது. பள்ளியிலிருந்து இரண்டே தெரு, அடுக்களையில் ஜன்னல், கொல்லையில் கிணறு. அம்மா உள்ளே போய்க் குழாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, அடுப்பு எங்கே, அரிசி டின் எங்கே என்றுகூட என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அப்பா கை தட்டிக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் கதவு, ஒன்றில் ஜன்னல், ஒன்றில் மாடிப்படி, நான்காவதில் சுவரலமாரி. "ஒரு மூலைகூடத் தேறாது போலிருக்கே" என்றார். வெயிலில் எங்களோடு ஒரு மாதமாக அலைந்த புரோக்கருக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னா சார் இது, ஊர்ல எல்லாரும் வூட்டப் பாப்பாங்கோ, நீங்க மூலையப் பாத்துக்கினு கீறீங்க!" என்றவர், அம்மாவைப் பார்த்து, "நீயாவது சொல்லும்மா" என்றார். அம்மா திரும்பிப் போய் அடுக்களை ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

கடைசியில் நாங்கள் குடிபோனது கடற்கரைப் பக்கம், திருவான்மியூருக்கு. அங்கே கூடத்தில் அப்பழுக்கில்லாத ஒரு மூலை இருந்தது. பலகை பலகையாகப் பிரித்து எடுத்துப் போன பூதத்தை அப்பா அங்கேயே திரும்ப ஒட்டி நிறுத்தினார். அதன்பிறகுதான் தெரிந்தது, மூலையைப் பார்த்தவர் அறையைப் பார்க்கவில்லை என்று. அந்தக் கூடம் நீளமும் அகலமும் ஒன்றான சதுரம். அப்படிப்பட்ட அறையில் ஒரே நாதம் இரண்டு பக்கச் சுவர்களுக்கு நடுவிலும் ஒன்றாக வீங்கும். மிருதங்கத்தில் ஒரு அடி இடியாக விழுந்தால் அடுத்தது காணாமல் போகும். மெத்தையை நிறுத்தினார், அம்மாவின் பழைய புடவைகளைத் திரையாகத் தொங்கவிட்டார், ஒன்றும் சரிப்படவில்லை. அதோடு, அம்மா நின்றபடியே பஸ்ஸில் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி, நிறுத்தத்திலிருந்து வேறு நடந்து வீடு வந்து சேரும்போது தலைவலியும் கூடவே வரும். அவளால் ஒரு சத்தம் பொறுக்க முடியாது. அப்பா பூதத்தின்மேல் போர்வையைப் போர்த்திவிடுவார். யாரும் கேட்காத பாட்டுக்காக அம்மா ஓய்வு பெறும் வரை பஸ்ஸில் நின்றாள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அலுப்பாக இருக்கிறது, கோபமாகவும்.

அப்பா போய்ச் சில வருஷங்களாகின்றன. மயிலாப்பூர்ப் போர்ஷன் இருந்த இடத்தில் நாலு மாடி நிற்கிறது. மந்தைவெளி வீட்டைத் தேடினால் தெருவே அடையாளம் தெரியவில்லை. இப்போது திருவான்மியூர் வீட்டையும் இடிக்கப்போகிறார்கள். சென்ற வாரம் தச்சர் வந்து, கதவு வழியே வராத பூதத்தை அறுத்து எடுத்துக்கொண்டு போனார். அம்மா ஆழ்வார்பேட்டையில் என்னோடு இருக்க வந்துவிட்டாள். அவள் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "இந்தக் கால் அப்பாவோட மூலைக்குக் குடுத்த கால்" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன்.

"அவரை மட்டும் ஏன் சொல்றே?" என்றாள் அம்மா. "பெட்டியைப் பிரிச்சு வெச்சுடறேன், மந்தைவெளி வீட்டுக்கே போயிடலாம்னு அவரே சொல்லிட்டார். நீதான் பீச் பக்கத்து வீடுதான் வேணும்னு ரெண்டு நாள் சாப்பிடாம அழுதே. கொழந்தை ஏங்கிப் போயிடும்னு மனசை மாத்திண்டோம்."

எனக்கு அந்த அழுகை கொஞ்சம்கூட நினைவில்லை. அம்மாவின் காலைப் பற்றி அப்பாவின் முகத்துக்கு நேராகவே எத்தனையோ தடவை நான் சண்டை போட்டிருக்கிறேன். அவர் ஒரு தடவைகூட "நீதானே கேட்டே" என்று சொன்னதில்லை.